ஜப்பான் ஸ்ட்ரைக்கர் ஐரோப்பா போகிறார். பெஸ்தாரி ஜெயா பையன் ஏன் போகவில்லை?

அயாசே உவேடா. காற்பந்து பார்ப்பவர் என்றால் இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் கிளப்புக்கு ஆடும் ஜப்பானிய ஸ்ட்ரைக்கர். 2025-26 பருவத்தில் நெதர்லாந்து லீக்கில் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த நேரத்தில், நம்ம ஊர் ரசிகர்களின் கைப்பேசியிலும் அவருடைய காணொளிகள் சுற்றின. கீழே வந்த கருத்துகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப: "அவங்களால முடியுது, நம்மால ஏன் முடியல?"

உடல் வலிமை, உணவு, ஒழுக்கம், மரபணு என்று ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உவேடா நடந்து வந்த பாதையை முதலில் பார்ப்போம். பிறகு கோலா சிலாங்கூர் பக்கம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு முன்னால் என்ன பாதை இருக்கிறது என்று பார்ப்போம். விடை அங்கேதான் இருக்கிறது.

கழித்துவிடப்பட்ட பையன்

உவேடா 1998-இல் இபாராக்கி மாநிலத்தின் மிட்டோ நகரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அந்த வட்டாரத்தின் பெரிய கிளப்பான காஷிமா அன்ட்லர்ஸின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். பதினைந்து வயதில் அடுத்த நிலைக்குப் போகும் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கிளப் அவரைக் கழித்துவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் நாட்டில் பதினைந்து வயதில் ஒரு பையனை அகாடமி வேண்டாம் என்று சொன்னால் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். 'சரி, எஸ்.பி.எம். பரீட்சையைப் பாரு' என்று வீட்டில் சொல்வார்கள். சொல்வதிலும் தப்பில்லை.

உவேடா காஷிமா காக்குவென் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிக் காற்பந்து ஒரு பெரிய திருவிழா. தேசியப் போட்டி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும், அரங்கம் நிறையும். அங்கிருந்து தோக்கியோவின் ஹோசே பல்கலைக்கழகம். பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே 2019-இல் ஜப்பான் தேசிய அணிக்காகக் கோப்பா அமெரிக்கா போட்டியில் ஆடினார். அதே ஆண்டு, ஒருகாலத்தில் வேண்டாம் என்ற காஷிமா அன்ட்லர்ஸ் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது.

2022-இல் பெல்ஜியத்தின் செர்க்கிள் புரூஜ் கிளப்புக்குப் போனார். முதல் பருவத்திலேயே லீக்கில் 22 கோல்கள். அடுத்த ஆண்டு ஃபெயனூர்ட். அங்கே போனதும் வாழ்க்கை இனித்துவிடவில்லை. மெக்சிகோவின் சான்டியாகோ ஹிமேனெஸ் கோலடித்துக்கொண்டிருந்தார். உவேடாவுக்குப் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இருக்கைதான். 2025 தொடக்கத்தில் ஹிமேனெஸ் ஏ.சி. மிலானுக்குப் போன பிறகுதான் கதவு திறந்தது.

இந்தக் கதையில் திறமையைவிட என் கண்ணில் படுவது வேறு ஒன்று. ஒரு கதவு மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறந்திருந்தது. அகாடமி போச்சா, பள்ளி இருந்தது. பள்ளி முடிந்ததா, பல்கலைக்கழகம் இருந்தது. ஜே லீக் போதவில்லையா, பெல்ஜியம் இருந்தது. இத்தனை கதவுகளும் தானாக முளைக்கவில்லை.

ஜப்பான் எப்போதும் இப்படியா இருந்தது?

இல்லை. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். 1971-இல் சியோலில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மலேசியா ஜப்பானை 3-0 என வென்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது நாம்தான், ஜப்பான் இல்லை. அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஜப்பான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சயாம் மரண ரயில் என்பதால், அந்த வெற்றிக்கு லயத்து வீடுகளில் தனி ருசி இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஜப்பானிலும் வெளிநாடு போனவர்கள் அன்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். 1977-இல் யசுஹிகோ ஒகுதேரா ஜெர்மனியின் கொலோன் கிளப்புக்குப் போனார். 1982-இல் கசுயோஷி மியூரா என்ற பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டுவிட்டுத் தனியாகப் பிரேசிலுக்குக் கப்பலேறாத குறையாகக் கிளம்பினார். நான்கு ஆண்டுகள் கழித்து, பெலே ஆடிய சாந்தோஸ் கிளப்பில் ஒப்பந்தம். 1994-இல் இத்தாலியின் ஜெனோவாவுக்குப் போய், செரி ஆ லீக்கில் ஆடிய முதல் ஜப்பானியர் ஆனார். ஒரே ஒரு கோல்தான் அடித்தார் என்பது வேறு கதை. ஜப்பானுக்காக அவர் அடித்தவை 55.

ஒகுதேராவும் மியூராவும் தனி மனித சாகசங்கள். ஒரு நாடு அப்படியே போயிருந்தால் இன்றைக்கு உவேடா இல்லை. மாற்றம் 1993-இல் வந்தது. 10 கிளப்புகளோடு ஜே லீக் தொடங்கியது. இன்று மூன்று பிரிவுகளில் 60 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்பும் ஓர் ஊரைச் சேர்ந்தது. இளையோர் அணிகளை நடத்தியே ஆக வேண்டும். பிறகு 'நூறாண்டுத் திட்டம்' என்ற ஒன்றை அறிவித்தார்கள். அதில் எழுதியிருந்த முதல் விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? உங்கள் ஊரில் பச்சைப் புல் உள்ள ஒரு திடல். அவ்வளவுதான். உலகக் கிண்ணம் பற்றிய பேச்சு அப்புறம்.

அந்த உலகக் கிண்ணத்துக்கு ஜப்பான் முதன்முதலாகத் தகுதி பெற்ற இடம் நம் நாடுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1997 நவம்பர் 16, ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கம். ஈரானுக்கு எதிராக 2-1 எனப் பின்தங்கியபோது நாயகன் மியூராவையே வெளியே எடுத்தார் பயிற்றுநர். மாற்று ஆட்டக்காரர் ஜோ ஷோஜி சமன் செய்தார். இன்னொரு மாற்று ஆட்டக்காரர் மசாயுகி ஒக்கானோ கூடுதல் நேரத்தில் தங்க கோல் அடித்தார். 3-2. ஜப்பானியர்கள் இன்றும் அதை 'ஜொகூர் பாருவின் மகிழ்ச்சி' என்றுதான் சொல்கிறார்கள். மியூரா 1998 உலகக் கிண்ண அணியில் இடம்பெறவில்லை. பாதை வந்துவிட்டால் பாதை போட்டவரையே விட்டுவிட்டும் அது ஓடும்.

நாமும் அதே காலத்தில்தான் தொழில்முறை லீக்கைத் தொடங்கினோம், 1994-இல். தொடங்கிய வேகத்தில் ஆட்டத்தை விற்ற லஞ்ச விவகாரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள், ரசிகர்கள் அரங்கத்தை விட்டுப் போனார்கள். அந்த நம்பிக்கை முழுதாகத் திரும்பியதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நம்ம ஸ்ட்ரைக்கர்கள் வெளிநாடு போனதே இல்லையா?

போயிருக்கிறார்கள். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த அணி ஆசியான் கிண்ணத்தை வென்றபோது, ஐந்து கோல்களுடன் முதலிடம் பிடித்தவர் சிலாங்கூரின் சாஃபி சாலி. உடனே இந்தோனேசியாவின் பெலித்தா ஜெயா அவரை எடுத்துக்கொண்டது. ஹாடி ஃபயாத் 2019-இல் ஜப்பானின் ஃபாகியானோ ஒகாயாமாவுக்குப் போனார். பிறகு மூன்றாம் பிரிவின் அசுல் கிளாரோ நுமாசு.

ஆனால் நாம் விரிவாகப் பார்க்க வேண்டியவர் லுக்மான் ஹக்கிம். 2018-இல் 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணம் மலேசியாவில் நடந்தது. ஐந்து கோல்களுடன் அதிக கோலடித்தவர் லுக்மான். கிண்ணத்தை வென்றது ஜப்பான். ஒரு வரியில் இரண்டு நாடுகளின் நிலைமையும் வந்துவிட்டது, இல்லையா? நம்மிடம் ஒரு பையன் இருந்தான். அவர்களிடம் ஓர் அணி இருந்தது.

லுக்மான் பெல்ஜியத்தின் கோர்ட்ரிக் கிளப்புடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தார். நாடே கொண்டாடியது. கோர்ட்ரிக் ஏன் ஒரு மலேசியப் பையனைத் தேடி வந்தது? அப்போது அந்தக் கிளப்பின் உரிமையாளர் பெர்ஜெயா குழுமத்தை நிறுவிய டான்ஸ்ரீ வின்சென்ட் டான். கதவு திறந்தது உண்மை. ஆனால் அது ஒருவர் வீட்டுக் கதவு. உள்ளே போன பிறகு முதல் அணியில் லுக்மானுக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள்தான். ஐஸ்லாந்துக்கு இரவல், ஜப்பானின் ஒய்.எஸ்.சி.சி. யோகோஹாமாவுக்கு இரவல், பிறகு மலேசிய லீக்.

இதே பெல்ஜியத்தில் ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள்? 2017-இல் டி.எம்.எம். என்ற ஜப்பானிய நிறுவனம் சிந்த்-திரூடன் கிளப்பை வாங்கியது. உரிமையாளர் தயவு என்ற வகையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம், அங்கே ஜப்பானிலிருந்து வந்தவர்கள் ஜே லீக்கில் ஏற்கெனவே பல பருவங்கள் முழு நேரம் ஆடி முடித்தவர்கள். வத்தாரு எண்டோ, தகேஹிரோ தொமியாசு, டைச்சி கமாடா என எல்லாரும் அந்த வழியாகப் போய்ப் பெரிய லீக்குகளில் நின்றார்கள். லுக்மான் பள்ளி வயதிலிருந்து நேராக ஐரோப்பாவுக்கு எறியப்பட்டார். நடுவில் ஏற வேண்டிய படிகள் நம்மிடம் இல்லை. அவரைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தாய் என்று பெரியவர்கள் இன்னும் அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஐந்து தோட்டங்கள்: மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக். இவை கைமாறி பெர்ஜெயா குழுமத்திடம் வந்தவை. அங்கே வேலை செய்த குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகக் கால் நூற்றாண்டுக்கு மேல் போராடின. 2023-இல்தான் கூட்டரசு, மாநில அரசு, நிறுவனம் மூன்றும் சேர்ந்து ஒரு தீர்வை அறிவித்தன: 245 குடும்பங்களுக்கு வீடு, அதற்கு நிறுவனம் தரும் 20 ஏக்கர் நிலம்.

அதே குழுமத்தின் நிறுவனர்தான் ஒரு மலேசிய ஸ்ட்ரைக்கருக்கு ஐரோப்பாவில் இடம் கொடுத்தவர். இதில் சதி எதுவும் தேட வேண்டாம். ஆனால் ஸ்ட்ரைக்கர் எங்கிருந்து வருகிறார் என்ற கேள்விக்கும் தோட்டம் எங்கே போனது என்ற கேள்விக்கும் நடுவில் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

பழைய ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பார்த்திராவிட்டால் அம்மாவைக் கேளுங்கள். லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஒரு பாடாங். காலையில் பால்மரம் சீவி முடித்து மதியத்துக்குள் வேலை ஓய்ந்துவிடும். மாலை முழுக்க பாடாங்கில்தான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் அணி, தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. பக்கத்துத் தோட்டத்தோடு தோற்றுவிட்டால் ஒரு வாரம் தலை காட்ட முடியாது. நிர்வாகம் தொழிலாளர்களைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கத்தான் திடலைக் கொடுத்தது, அன்பால் அல்ல. இருந்தாலும் திடல் திடல்தான். யாரும் கட்டணம் கேட்கவில்லை, யாரும் தேர்வு வைக்கவில்லை, ஆறு வயதுப் பையன் முப்பது வயதுக்காரனோடு ஆடி, முழங்கையடி வாங்கிக் கற்றுக்கொண்டான்.

ரப்பர் போய் செம்பனை வந்தது. ஆள்தேவை குறைந்தது, வந்த வேலைகளுக்கும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாகின. லாத்தார் நெடுஞ்சாலை வந்தது, பூஞ்சாக் ஆலாம் பக்கம் தாமான்கள் எழுந்தன. நம் ஆட்கள் மலிவு வீடுகளுக்கு மாறினார்கள். கோயிலைப் பலர் போராடிக் காப்பாற்றினார்கள். தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றினார்கள். பாடாங்குக்காக யாராவது போராடியதாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்குப் பதிவு இருக்கிறது, கோயிலுக்குச் செயற்குழு இருக்கிறது. திடலுக்கு யார் இருக்கிறார்கள்?

தாமானில் ஃபுட்சால் கூடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மணிக் கணக்கில் வாடகை. பந்து தொடும் திறன் அங்கே வளரும். முப்பது மீட்டர் ஓடி, பின்னால் வரும் தடுப்பாட்டக்காரரை உடம்பால் தாங்கி, நீளப் பந்தை எடுக்கும் ஸ்ட்ரைக்கர் அங்கே வளர்வது கஷ்டம்.

இந்தியர்களை எடுப்பதில்லை என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். ஒரேயடியாக ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2017 சீ விளையாட்டு அரையிறுதி, ஷா ஆலாம் அரங்கம், இந்தோனேசியாவுக்கு எதிராக 87-ஆவது நிமிடம். தலையால் முட்டி வெற்றி கோலை அடித்தவர் என். தனபாலன். அன்று அரங்கத்தில் இருந்த யாரும் அவர் என்ன இனம் என்று கேட்கவில்லை.

ஆனால் வழிகள் குறைந்துகொண்டு வருவது உண்மை. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கத்தின் அணி 2018-இல் பிரீமியர் லீக்கில் ஆடி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு ஏறியது. 2021, 2022 இரண்டு பருவங்களும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடிக் காட்டியது. 2022 முடிந்ததும் லீக்கை விட்டே விலகிவிட்டது. அதே ஆண்டோடு இரண்டாம் பிரிவான பிரீமியர் லீக்கும் நிறுத்தப்பட்டது. 2025-26 பருவத்துக்கு முன் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகின, கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மிச்சமிருக்கும் கிளப்புகளில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடம் கூடிக்கொண்டே போகிறது. கோலடிக்கும் இடத்தை எந்தக் கிளப்பும் முதலில் வெளிநாட்டுக்காரருக்குத்தான் கொடுக்கும். ஆக, உள்ளூர் ஸ்ட்ரைக்கர், அவர் எந்த இனமாக இருந்தாலும், ஆடிப் பழகும் நிமிடங்களே குறைவு.

பல்கலைக்கழக வழி? உவேடாவின் கதையில் அதுதான் திருப்பம். நம் நாட்டில் சூப்பர் லீக் வரை ஏறிய ஒரே பல்கலைக்கழக அணி யு.ஐ.டி.எம். அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான படிப்புகளில் பூமிபுத்ரா மாணவர்களுக்கே இடம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அணியும் இப்போது சூப்பர் லீக்கில் இல்லை.

பாதை போடுவது கடினம் என்றால் குறுக்குவழி தேடத் தோன்றும். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என வென்றபோது எல்லாரும் ஆடிப் பாடினோம். முதல் இரண்டு கோல்களையும் அடித்த ஜொவாவ் ஃபிகெய்ரெடோ, ரொட்ரிகோ ஹொல்காடோ உட்பட ஏழு பேரின் 'மலேசியப் பாட்டி தாத்தா' ஆவணங்கள் போலியானவை என்று செப்டம்பரில் ஃபிஃபா அறிவித்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீட்டையும் ஃபிஃபா தள்ளுபடி செய்தது. இந்த மண்ணில் பிறந்த தாத்தா பாட்டி நிஜமாகவே இருக்கும் பையன்கள் ஈஜோக்கில் இருக்கிறார்கள். அவர்களைத் தேட விமான டிக்கெட் வேண்டாம், மைவி கார் போதும்.

உங்கள் ஊர்க் கிளப்புக்கு ஒரு கணக்கு

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு விதி. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியும் முன் பணத்துக்கு நாடு விட்டு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு 0.25 விழுக்காடு, அதன் பிறகு ஆண்டுக்கு 0.5 விழுக்காடு.

புக்கிட் ரோத்தானில் ஒரு சின்னக் கிளப் ஒரு பையனை அந்த நான்கு ஆண்டுகள் பழக்கியது என்று வைத்துக்கொள்வோம். அவன் இருபத்து மூன்று வயதில் ஒரு கோடி ரிங்கிட்டுக்கு ஐரோப்பாவில் மாறினால், அந்தக் கிளப்பின் பங்கு ஒரு விழுக்காடு: 100,000 ரிங்கிட். ஒரு திடலைப் புல் போட்டு, கோல் கம்பம் நட்டு, விளக்கும் போடலாம். ஜப்பானில் ஓர் ஆட்டக்காரர் ஐரோப்பாவுக்குள்ளேயே கிளப் மாறும்போதும் அவர் சிறுவனாக ஆடிய இடத்துக்குப் பணம் திரும்பி வருவது இப்படித்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை. கிளப் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும், பையனின் பெயர் ஒவ்வொரு பருவமும் காற்பந்து சங்கத்தின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் அணி நடத்தி, தீபாவளிக் கிண்ணத்துக்கு மட்டும் ஜெர்சி அடிக்கும் கிளப்புக்கு ஒரு சென் வராது. தம்பியோ தங்கையோ எங்காவது பயிற்சிக்குப் போனால், இந்த வாரம் அங்கே உள்ள அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள்: "பெயரைப் பதிஞ்சாச்சா அண்ணே?"